ஒரு பெயர், இரண்டு யார்ன்: உபுண்டுவில் சரியானதைப் பிடிப்பது எப்படி?

ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை இறக்கித் தரும் ‘யார்ன்’ கருவி வேண்டும் என்று, உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் ‘யார்ன்’ என்று தட்டினேன். அப்படி ஒரு கட்டளை இல்லை, ‘சிஎம்டிடெஸ்ட்’ என்ற மென்பொருள் பொதியைப் போடலாம் என்றது டெர்மினல். போட்டேன். அப்புறம் பார்த்தால் ‘சினாரியோ எதுவும் இல்லை’ என்று ஒரு பிழை. ஹட்டன் மழைக்கு சிக்னல் போய்ப் போய் வரும். கோளாறு அதில்தான் என்று நினைத்து ஒரு மணித்தியாலத்தை வீணாக்கினேன்.

நான் தேடிய யார்ன் வேறு. சிஎம்டிடெஸ்ட்டில் வரும் யார்ன் மென்பொருளைச் சோதிக்கும் கருவி, பெயர் மட்டும்தான் ஒன்று.

கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. ‘டைப் -ஏ யார்ன்’: அந்தப் பெயரில் எத்தனை இருக்கின்றன என்று காட்டும்.

2. ‘டிபிகேஜி -எஸ் /யுஎஸ்ஆர்/பின்/யார்ன்’: எந்தப் பொதியின் பிள்ளை என்று சொல்லும். எஸ் பெரிய எழுத்து.

3. சிஎம்டிடெஸ்ட் என்று வந்தால், அதை நீக்க ‘சூடோ ஏபிடி ரிமூவ் சிஎம்டிடெஸ்ட்’, பிறகு சரியான யார்னைப் போட ‘சூடோ என்பிஎம் இன்ஸ்டோல் -ஜி யார்ன்’. என்பிஎம் என்பது ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளைப் போடும் இன்னொரு கருவி.

4. நான் சறுக்கியது இங்கேதான். புதியது /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் உள்ளே வந்துவிட்டது, ஒரு கட்டளை எங்கே இருக்கிறது என்று காட்டும் ‘விச்’ கட்டளையும் அதைத்தான் காட்டியது. ஆனால் யார்ன் என்று தட்டினால் ‘/யுஎஸ்ஆர்/பின்/யார்ன் இல்லை’ என்கிறது!

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கடிதம் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். தொங்கல் காம்பராவில் (ஓரத்து வீட்டில்) தொடங்கி வரிசையாகக் கேட்டு வருவார்கள், அந்தப் பெயரில் முதலில் அகப்படுபவர் கையில் கடிதம் போய்விடும். டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்குவது பேஷ். கட்டளைகளைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியலான ‘பாத்’ என்ற வரிசையில் அது தேடுவதும் அப்படித்தான். ஒருமுறை கண்டுபிடித்த காம்பராவை அது நினைவில் வைத்துக்கொள்ளும், ஆள் வீடு மாறிப் போன பிறகும் அங்கேயே போய்க் கதவைத் தட்டும். ‘ஹாஷ் -ஆர்’ என்று தட்டினால் அந்த நினைவு அழியும். எனக்கு உடனே சரியானது.

இதனால்தான் விச் எனக்குப் பிடிப்பதில்லை, பேஷின் நினைவு அதற்குத் தெரியாது. ‘-ஏ’ போடாமல் வெறும் ‘டைப் யார்ன்’ கொடுத்தால் ‘ஹாஷ்ட்’ என்று போட்டுப் பழைய பாதையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பின்சேர்க்கை: பண்டாரவளைத் தம்பி ஒருவருக்கு முதல் படியில் /யுஎஸ்ஆர்/பின், /பின் என்று இரண்டு பாதைகள் வந்தனவாம். பயப்படாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். இப்போதைய உபுண்டுவில் /பின் என்பது /யுஎஸ்ஆர்/பின்னுக்கு ஒரு சுட்டி மட்டுமே. ஒன்றை அழித்தால் இரண்டும் போய்விடும்.