புதுப் பந்துக்கு ஓப்பனிங் இறங்குற பசங்க பண்ணக்கூடாத தப்புங்க

டெஸ்ட்ல இப்ப ஓப்பனர்ஸ் ஏன் இப்படித் திணறுறாங்கன்னு கேட்டா எல்லாரும் டக்குனு டி20 மேல பழியைப் போட்டுட்டுப் போயிடுறாங்க. அது மட்டும் இல்லைங்க, பவுலிங்கும் ரொம்ப மாறிடுச்சு. முன்னாடி ஸ்விங் பவுலர் கையையும் பந்தோட சீமையும் (அதுல இருக்குற தையலை) பார்த்தா பால் உள்ள வருமா வெளிய போகுமான்னு ஓரளவு தெரியும். இப்ப வாபிள் சீம்னு ஒண்ணு, விரலைக் கொஞ்சம் அகட்டிப் பிடிச்சு விடுறாங்க, சீம் ஆடிக்கிட்டே வந்து பிட்ச் ஆகுது, எந்தப் பக்கம் போகும்னு போட்டவனுக்கே தெரியாது. இங்கிலாந்து பவுலர் ஆண்டர்சன் அதை பாகிஸ்தானோட ஆசிஃபைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டார், இப்ப எல்லா நாட்டு பவுலரும் போடுறான். இப்படி ஒரு பந்துக்கு எதிரா ஓப்பனருக்கு இருக்குற ஒரே பாதுகாப்பு லீவ் பண்றதும் (பேட்டே வைக்காம விட்டுடுறதும்), ஆடித்தான் ஆகணும்னா உடம்புக்குப் பக்கத்துல லேட்டா ஆடுறதும்தான். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் லெதர் பால் ஆட ஆரம்பிக்கிற பசங்களுக்காகத்தான் எழுதுறேன், ஏன்னா டெஸ்ட்ல பெரிய ஆளுங்க அவுட் ஆகுற அதே தப்பைத்தான் நம்ம பசங்களும் பண்றாங்க.

முதல் தப்பு, கையை உடம்பை விட்டுத் தள்ளி டிரைவ் ஆடுறது. 2020 டிசம்பர் அடிலெய்டு டெஸ்ட், மேட்சோட ரெண்டாவது பால், ஆஸ்திரேலியாவோட ஸ்டார்க் போட்டதுக்கு நம்ம ஓப்பனர் ப்ரித்வி ஷா தள்ளி டிரைவ் போனார், இன்சைடு எட்ஜ், ஸ்டம்ப் காலி. செகண்ட் இன்னிங்ஸ்ல கம்மின்ஸ் பந்து பேட்டுக்கும் பேடுக்கும் நடுவுல புகுந்து போல்டு, அந்த இன்னிங்ஸ்லதான் நாம 36 ரன்ல முடிஞ்சு போனோம். நம்ம ஊர்ல இந்தப் பழக்கம் எங்கருந்து வருதுன்னா கண்மாய்ல இருந்து. தண்ணி வத்தினதும் டென்னிஸ் பால்ல ஆடுறோம்ல, அங்க பால் பிட்ச் ஆகி சீம் ஆகாது (பக்கவாட்டுல விலகாது), ஸ்லிப்னு ஒருத்தனும் நிக்க மாட்டான், எட்ஜ் பட்டாலும் பின்னாடி ஃபோர். வருஷக்கணக்கா கையை வீசினதுக்கு ரன் கிடைச்சிருக்கு, லெதர் பால்ல முதல் ஓவர்லயே அந்தக் கை எப்படி சும்மா இருக்கும்?

அடுத்தது மேட், அதாவது பிட்ச் மேல விரிக்கிற விரிப்பு. இதை யாரும் சொல்லித் தர்றதே இல்ல, எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு. மேட்ல பவுன்ஸ் ஜாஸ்தி, ஸ்டம்ப் லைன்ல வர்ற பாலைக்கூட லெங்த் (எங்க குத்துதுன்னு) பார்த்து விட்டுடலாம், மேல போயிடும். அதே பையன் விரிப்பு இல்லாத டர்ஃப் விக்கெட்டுக்குப் போய் அதே லெங்த்தை விடுறான், கட்டையைத் தூக்கிக்கிட்டு நிக்கும்போதே ஸ்டம்ப் பறக்குது. டர்ஃப்ல முதல்ல லைன், அப்புறம்தான் லெங்த். மேட்ச்சுக்கு முன்னாடி அந்தப் பிட்ச்ல கீப்பர் எந்த உயரத்துல பாலைப் பிடிக்கிறாருன்னு கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, பாதி விஷயம் அங்கயே தெரிஞ்சுடும்.

சிலர் ஆஃப் ஸ்டம்ப் எங்க இருக்குன்னு உறுதி பண்ணிக்க ரொம்ப உள்ள நகர்ந்து வந்துடுறாங்க. நகர்றது தப்பில்ல, தலை ஆஃப் சைடு சாயுறதுதான் தப்பு. 2021 ஆஷஸ் கப்பா டெஸ்ட்ல இங்கிலாந்து ஓப்பனர் ரோரி பர்ன்ஸ் சீரிஸோட முதல் பால்லயே அப்படித்தான் நகர்ந்து லெக் ஸ்டம்ப்பைப் பறிகொடுத்தார்.

ஆனா எல்லாத்துக்கும் வேர் நெட்ஸ்லதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஒரு பையனுக்கு நெட்ல பத்து நிமிஷம்தான் கிடைக்கும், பழைய பால், அதுல ஒரு பாலை விட்டா வேஸ்ட் பண்ணிட்டோம்னு தோணும், வெளிய நிக்கிறவனும் "டேய் அடிடா"ம்பான், அதனால எல்லாத்தையும் அடிச்சுத்தான் பழகுறான், லீவ் பண்ணவே பழகாம மேட்ச்ல மட்டும் எப்படி விடுவான்? கோச் அண்ணன்கிட்ட கேட்டு வாரத்துல ஒரு நாளாவது புதுப் பால்ல, முதல் ரெண்டு ஓவர் அடிக்கிறதே இல்லைன்னு வச்சு ஆடுங்க. பின்னாடி ஒருத்தனை நிக்க வச்சு, விட்டது சரியான பாலான்னு ஒவ்வொண்ணுக்கும் சொல்லச் சொல்லுங்க. நம்ம தமிழ்நாட்டு முரளி விஜய் 2014ல டிரென்ட் பிரிட்ஜ்ல 146 அடிச்சாரே, அந்த டூர்ல அவர் விட்ட பாலுங்க ஒவ்வொண்ணும் பாடம். 2025ல இங்கிலாந்துல கே.எல். ராகுல் 532 ரன் எடுத்ததையும் பாருங்க, பாலைக் கண்ணுக்குக் கீழ வர விட்டுத்தான் ஆடுறார்.

"ஆஸ்திரேலியா ஓப்பனர் கான்ஸ்டாஸ் பும்ராவையே ராம்ப் (கீப்பர் தலைக்கு மேல தூக்கி விடுற ஷாட்) அடிச்சாரே"ன்னு கேப்பீங்க. 2024 மெல்போர்ன்ல 65 பால்ல 60, அழகான இன்னிங்ஸ், மறுக்கல. அடுத்த வருஷம் வெஸ்ட் இண்டீஸ்ல பால் சீம் ஆனப்ப ஆறு இன்னிங்ஸும் சேர்த்து 50 ரன்தான்.

கடைசியா இது பசங்களுக்கு இல்ல, டீம் எடுக்குற பெரியவங்களுக்கும் அப்பா அம்மாவுக்கும். ஓப்பனர் 15 அடிச்சு அவுட்னா ஸ்கோரை மட்டும் பார்த்து அடுத்த மேட்ச் உக்கார வைக்காதீங்க, எத்தனை ஓவர் நின்னான், அவன் போகும்போது பால் எவ்வளவு தேஞ்சிருந்துச்சுன்னு கேளுங்க. சும்மா மாத்திக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு பாருங்க: இங்கிலாந்து ஓப்பனர் ஸ்ட்ராஸ் 2012ல ரிட்டையர் ஆனப்புறம் இன்னொரு ஓப்பனர் குக்குக்கு ஜோடியா இங்கிலாந்து பத்துப் பேருக்கு மேல மாத்தி மாத்திப் பார்த்துச்சு, 2018ல குக்கும் போனப்ப நிலையான ஓப்பனர்னு ஒருத்தர்கூட கையில இல்ல.