டர்போ சி-யில் மணி கேட்பது எப்படி?

டாஸ் இயங்குதளம் ஓடும் பழைய கணினியில், சி நிரல்களை எழுதி ஓட்ட உதவும் டர்போ சி மென்பொருளில் நேரத்தைக் கேட்டு வாங்க நாலைந்து வரி போதும். வருகிற நேரம் சரியானதா என்பதில்தான் பாடு இருக்கிறது. ஆகவே முதலில் பெட்டியைப் பாருங்கள், நிரல் பிறகு.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் பேட்டரியில் ஓடும் கடிகாரமே கிடையாது. அணைத்தால் நேரம் போச்சு. மறுபடி போட்டால் 1980 ஜனவரி 1, நள்ளிரவு. 1984-இன் ஏடி மாடலில்தான் பேட்டரியுடன் கடிகாரச் சில்லு சேர்ந்தது. உங்களுடையது 286 அல்லது 386 செயலி உள்ள கணினி என்றால் பலகையில் பற்றவைத்த பீப்பாய் வடிவ பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். அது கசிந்தால் செம்புத் தடங்களை அரித்துவிடும். என் 386 பலகை ஒன்று அப்படித்தான் செத்தது.

படி 1: டாஸில் 'டேட்', பிறகு 'டைம்' கட்டளை கொடுத்து இரண்டையும் சரிசெய்யுங்கள்.

படி 2: டர்போ சி-யில் புதிய கோப்பு திறந்து, 'ஸ்டிடிஐஓ', 'டாஸ்' என்ற இரண்டு தலைப்புக் கோப்புகளைச் சேருங்கள். நிரல் தொடங்கும் 'மெயின்' செயற்கூற்றுக்கு முன் வாய்டா, இன்ட்டா என்ற கல்லூரிச் சண்டை இங்கே வேண்டாம், இன்ட் போடுங்கள்.

படி 3: மெயினுக்குள் 'ஸ்ட்ரக்ட் டைம்' வகையில் 'டி' (t) என்று ஒரு மாறியை அறிவியுங்கள். அடுத்த வரியில் 'கெட்டைம்' செயற்கூற்றை அழையுங்கள். இடைவெளி இல்லாமல் ஒரே சொல், எல்லாம் சிறிய எழுத்து. அதற்குத் தர வேண்டியது மாறியின் முகவரி. 'டி'-க்கு முன் ஆம்பர்சண்ட் குறியை மறந்தால் நேரம் வராது.

படி 4: மணி, நிமிடம், நொடி, நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகிய நான்கும் அந்த மாறியின் உறுப்புகளில் வந்து உட்கார்ந்திருக்கும். உறுப்புகளின் பெயர்கள் 'டிஐ', அடிக்கோடு, அதன்பின் ஹவர், மின், செக், ஹண்ட். பிரிண்ட்எஃப்பில் ஒவ்வொன்றுக்கும் விழுக்காட்டுக் குறி, 0, 2, 'டி' (இது d, மாறியின் பெயரல்ல) என்று வடிவம் கொடுத்தால் 9:5 என்பது 09:05 என்று அழகாக விழும். கன்ட்ரோல் எஃப்9 அழுத்தி ஓட்டுங்கள். ஆல்ட் எஃப்5 அழுத்தினால் விடை தெரியும்.

இதையே ஒரு சுற்றுக்குள் வைத்து ஓட்டிப் பாருங்கள். கடைசி எண் ஒவ்வொன்றாக ஏறாது. ஐந்தைந்தாக, சில சமயம் ஆறாகத் தாவும். நிரலில் பிழை இல்லை. பிசியின் நேரச் சில்லு நொடிக்கு 11,93,182 துடிப்புகளை 65,536-ஆல் வகுத்து, நொடிக்குச் சுமார் 18.2 முறை மட்டுமே 'டிக்' என்கிறது. ஒரு டிக் ஏறத்தாழ 55 மில்லிநொடி. அதற்குள் நடப்பது டாஸுக்குத் தெரியாது. டாஸ் பேட்டரிக் கடிகாரத்தைத் தொடக்கத்தில் ஒருமுறை படித்துவிட்டு, பிறகு இந்த டிக்குகளைத்தான் எண்ணுகிறது. அதனால், நாள் முழுக்க ஓடும் கணினி கைக்கடிகாரத்திலிருந்து விலகினால் வியப்பில்லை.

படி 5: தேதியும் வேண்டுமென்றால் 'ஸ்ட்ரக்ட் டேட்', 'கெட்டேட்'. ஆனால் தேதியை வாங்கி, நேரத்தை வாங்குவதற்குள் நள்ளிரவு கடந்துவிட்டால்? நேற்றைய தேதியோடு 00:00 வரும். தேதி, நேரம், மறுபடி தேதி என்று வாங்குங்கள். இரண்டு தேதிகளும் வேறானால் மீண்டும் முதலிலிருந்து.

'டைம்' தலைப்புக் கோப்பின் பொதுச் செயற்கூறுகளும் டர்போ சி-யில் உண்டு. ஆனால் நேர மண்டலத்தைச் சொல்லும் 'டிஇசட்' (TZ) சூழல் மாறியை அமைக்காவிட்டால் டர்போ சி உங்களை அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருப்பவராக எடுத்துக்கொள்ளும். ஜனவரியில் சென்னையில் காலை 10 மணிக்கு, கிரீன்விச் நேரம் தரும் 'ஜிஎம்டைம்' செயற்கூற்றைக் கேட்டால் மதியம் 3 என்று சொல்லும். கிரீன்விச்சில் அப்போது அதிகாலை 4.30. உள்ளூர் நேரம் மட்டும் போதுமென்றால் கெட்டைமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.