ஏசி அவுட்டோருக்கு நிழல் போடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சித்திரை பிறந்துவிட்டால் வேலூரில் எங்களைப் போன்ற ஏசி மெக்கானிக்குகளுக்கு போன் ஓயாது. மே 4-ல் கத்திரி தொடங்கும் முன்பே 40 டிகிரியைத் தாண்டிவிடும் ஊர் இது. "அண்ணே, அவுட்டோர் மேல நேரா வெயில் அடிக்குது, மேல ஏதாவது போட்டா கரன்ட் பில் குறையுமாமே?" என்று தினம் ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். அவுட்டோர் என்றால் ஏசியில் வீட்டுக்கு வெளியே வைக்கும் பெட்டி. கேட்பது நல்லதுதான். ஆனால் போன வாரம் என்னிடம் தொழில் பழகும் பையன், ஒரு வீட்டில் தானே நிழல் போட்டுக் கொடுத்துவிட்டு சந்தோஷமாக போட்டோ அனுப்பினான். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 2009-ல் நான் செய்த அதே வேலை: அதே உயரம், அதே அடைப்பு. அன்று இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஃபில்டரைக் கழுவுங்கள், கதவைச் சாத்துங்கள், 18-ல் வைக்காதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிட்டு நிழலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நிழல் போட்டால் பில் பாதியாகும் என்று நம்புவது

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு டன் என்பது சுமார் 3.5 கிலோவாட். 1.5 டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து 5.2 கிலோவாட் சூட்டை வெளியே கொண்டுவருகிறது. அது இழுக்கும் ஒன்றரை கிலோவாட் கரன்ட்டும் கடைசியில் சூடாகி அவுட்டோர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆக, அந்தப் பெட்டி ஆறரை ஏழு கிலோவாட் சூட்டை விடாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. உச்சி வெயிலில் அதன் வெள்ளைத் தகடு வெயிலிடமிருந்து வாங்கும் சூடு 200, 300 வாட் இருந்தால் அதிகம்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடா சோலார் எனர்ஜி சென்டர் என்ற ஆய்வு நிறுவனம் இதை வீடுகளிலேயே வைத்து அளந்து 1996-ல் முடிவை வெளியிட்டது. அவுட்டோருக்கு மட்டும் நிழல் போடுவதால் கிடைக்கும் மிச்சம் 3 சதவீதத்துக்கும் குறைவு, நிழலுக்கு வைத்தது காற்றை மறித்தால் லாபத்தைவிட நஷ்டமே பெரிதாகலாம் என்பதுதான் அந்த முடிவு. ஃப்ளோரிடாவும் நம் ஊர் மாதிரி வெக்கையும் புழுக்கமும் உள்ள இடம்தான்.

அதற்காக நிழலே வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே இருக்கும் போர்டு, ஃபேன் இறக்கை, பைப்பின் மேல் சுற்றியிருக்கும் ஃபோம் எல்லாம் நிழலில் அதிக நாள் உழைக்கும். ஆனால் கிடைக்கப்போகும் 2, 3 சதவீதத்துக்காக எதைப் பணயம் வைக்கிறோம் என்று தெரிந்துதான் கை வைக்க வேண்டும்.

அவுட்டோரைப் பெட்டிக்குள் அடைப்பது

இதைப் பற்றித்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன். ஏனென்றால் இது இன்னும் நிற்கவில்லை.

அவுட்டோர் எப்படி மூச்சு விடுகிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள். பின்பக்கத்திலும் ஒரு பக்கவாட்டிலும் காயில் (கேஸ் ஓடும் குழாய்களும் மெல்லிய தகடுகளும் சேர்ந்த அடுக்கு) இருக்கும், முன்னால் ஃபேன். ஃபேன் சுற்றும்போது காற்று பின்னாலிருந்து காயில் வழியாக உள்ளே இழுக்கப்பட்டு முன்பக்கமாக வெளியே போகிறது. உள்ளே போகிற காற்று 40 டிகிரி என்றால் வெளியே வருவது 50-க்கு மேல். அந்தக் காற்று அப்படியே தூரப் போய்விட வேண்டும். முன்னால் எதிலாவது முட்டி, மேலே இருக்கும் தகரத்தில் மோதி, சுற்றிக்கொண்டு மறுபடியும் பின்பக்கத்துக்கே வந்துவிட்டால், மிஷின் தன் சூட்டையே தான் குடித்துக்கொண்டிருக்கும். எங்கள் தொழிலில் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: உள்ளே இழுக்கும் காற்று ஒரு டிகிரி ஏறினால் கரன்ட் சுமார் 2 சதவீதம் ஏறும், கூலிங்கும் கொஞ்சம் குறையும். 5 டிகிரி ஏறினால் 10 சதவீதம் போச்சு. நிழல் தந்த 3 சதவீதம் எங்கே, இது எங்கே?

2009-ல் நான் தொழிலுக்கு வந்து மூன்றாவது வருஷம். சத்துவாச்சாரியில் ஒரு மாடி வீடு, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். மொட்டை மாடியில் 1.5 டன் அவுட்டோர், நாள் முழுக்க வெயில். "என்ன தம்பி செய்யலாம்?" என்று கேட்டார். நான்தான் யோசனை சொன்னேன். பக்கத்து வெல்டிங் பட்டறையில் சொல்லி மூன்று பக்கமும் ஜிங்க் ஷீட், தலைக்கு மேல் அரை அடி இடைவெளியில் ஒரு கூரை, குரங்குத் தொல்லைக்கும் திருட்டுக்கும் சேர்த்து முன்னால் நெருக்கமான ஜாலி வைத்த கதவு, பூட்டு எல்லாம் போட்டுக் கொடுத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. சாரும் தட்டிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து போன். மதியம் 2 மணிக்கு ஏசி நின்றுவிடுகிறது, 4 மணிக்கு மேல் தானாக ஓடுகிறது. போய், கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் போட்டால் ஏழரை ஆம்பியர் இழுக்க வேண்டியது ஒன்பதரை இழுக்கிறது. கூலிங் இல்லை என்றாலே கேஸ் குறைவு என்று நினைக்கும் வயசு அது. கொஞ்சம் கேஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஏற்கெனவே சூடு போக வழியில்லாமல் பிரஷர் ஏறிக் கிடக்கும் மிஷினில் இன்னும் கேஸ் ஏற்றினால் என்ன ஆகும்? பிரஷர் இன்னும் ஏறும். கத்திரி முடிவதற்குள் கம்ப்ரசர் போய்விட்டது.

புது கம்ப்ரசர் மாட்ட என்னோடு ஒரு பெரியவர் வந்தார், என் குருவுக்கே சீனியர். டூல்ஸ் பையைக் கீழே வைக்கும் முன்பே கூண்டைப் பார்த்து நின்றுவிட்டார். மாட்டி முடித்து ஓடவிட்டு, கதவைப் பூட்டச் சொல்லி, அரை மணி நேரம் கழித்து ஒரு தெர்மாமீட்டரைக் கூண்டுக்குள் பின்பக்கம் தொங்கவிட்டார். வெளியே நிழலில் 41, உள்ளே 52. "தம்பி, இதுக்குக் கேஸ் கம்மியில்ல. மூச்சப் புடிச்சு வெச்சிருக்கீங்க" என்றார். கதவைத் திறந்து, இரண்டு பக்க ஷீட்டையும் கழற்றியதும் பத்து நிமிஷத்தில் எட்டு ஆம்பியருக்கு இறங்கியது. கம்ப்ரசர் செலவில் பாதியை நான் சம்பளத்திலிருந்து தவணையாகக் கட்டினேன். சார் வேண்டாம் என்றுதான் சொன்னார், எனக்கு மனசு கேட்கவில்லை.

இதில் இன்னொரு சங்கடம் இப்போது சேர்ந்திருக்கிறது. அந்தக் காலத்து மிஷின் தாங்காவிட்டால் ட்ரிப் ஆகி நின்றுவிடும், ஏதோ தப்பு என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். இன்றைய இன்வர்ட்டர் ஏசி அப்படி நிற்பதில்லை. சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். அறை குளிராது, வீட்டில் இருப்பவர்கள் ரிமோட்டில் 20, 18 என்று இறக்குவார்கள், அது ராத்திரி பகல் ஓயாமல் ஓடும். இரண்டு மாதம் கழித்து பில் 500 யூனிட்டைத் தாண்டி, ஸ்லாப் மாறி வரும்போது "ஏசி சரியில்லை" என்று கம்பெனியைத் திட்டுவார்கள். கூண்டைப் பற்றி யாருக்கும் தோன்றாது.

கூண்டு என்றதும் தகரம்தான் என்று நினைக்க வேண்டாம். பழைய பிளக்ஸ் பேனரை முன்னால் திரை மாதிரி கட்டுவது, அபார்ட்மென்டில் பால்கனிக்குள் வைத்து அழகுக்காகப் பட்டை பட்டையாக கிரில் அடிப்பது, நாலு மாடி அவுட்டோரையும் ஒரே குறுகிய டக்ட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பது, எல்லாம் இதே கூண்டுதான். அந்தப் பட்டைகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் இன்னும் மோசம். வெளியே போக வந்த காற்றைக் கீழே திருப்பி உள்ளேயே அனுப்பிவிடும். ஃபேனுக்கு நேர் எதிரே இருக்கும் பட்டைகளையாவது எடுத்துவிடுங்கள், கட்டடத்தின் முகப்பு அழகு கெட்டாலும் பரவாயில்லை.

இடைவெளி எவ்வளவு என்று ஒவ்வொரு கம்பெனியும் மேனுவலில் படம் போட்டுக் கொடுத்திருக்கிறது, அதை யாரும் பிரிப்பதே இல்லை. என் பழக்கம்: பின்னால் ஒரு அடி, மேலே குறைந்தது இரண்டு அடி, முன்னால் ஐந்தாறு அடிக்கு எதுவுமே கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு ஊதுபத்தி கொளுத்தி அவுட்டோருக்கு முன்னால் ஓரமாகப் பிடித்துப் பாருங்கள். புகை வெளியே ஓடினால் சரி, வளைந்து பின்பக்கம் போனால் அந்த நிழலைப் பிரியுங்கள்.

ஓடும்போது கவர் போடுவது

கூடாது. தலையை மட்டும் மூடும் கவராக இருந்தால் விட்டுவிடலாம்.

நனைத்த கோணிச்சாக்கு, தண்ணீர் பைப்

ஈரம் ஆவியாகும்போது காற்று குளிரும் என்பது உண்மை. ஆனால் நம் ஊர் போர்வெல் தண்ணீரில் கழுவிய குண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு காயிலின் மெல்லிய தகடுகளான ஃபின்னிலும் படியும். ஃபின் அரித்துப்போனால் காயிலையே மாற்ற வேண்டிவரும். சாக்கு காய்ந்த பிறகு அது வெறும் அடைப்பு.

வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று நினைப்பது

வேலூர், சென்னை அட்சரேகையில் ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும். அதன்பின் ஆகஸ்ட் பாதி வரை மதியச் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். கத்திரியில் வடக்குச் சுவரும் சுடும். இருந்தாலும் மேற்கைவிட வடக்கு நல்லது. இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் அங்கேயே வையுங்கள்.

கொடி, செடி

மூன்று அடி தள்ளி வளரட்டும்.

பைப்பை மறந்துவிடுவது

பெட்டிக்கு நிழல் போட ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், பக்கத்திலேயே ஓடும் காப்பர் பைப்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான ஸ்ப்ளிட் ஏசிகளில் உள்ளே போகும் பைப், வரும் பைப் இரண்டுமே சில்லென்று இருக்கும். அதனால்தான் கறுப்பு ஃபோம் சுற்றுகிறோம். மொட்டை மாடி வெயிலில் அந்த ஃபோம் சில வருஷத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அப்புறம் பைப் நேரடியாக வெயிலைக் குடிக்கும். புது ஃபோம் சுற்றி, மேலே டேப் போட்டு, அதற்கு மேல் ஒரு பிவிசி கேசிங் மூடினால் செலவு குறைவு. இதில் காற்றை மறிக்கும் ஆபத்தும் கிடையாது.

அவுட்டோருக்கு நிழல், அறைக்கு வெயில்

மேல் மாடி அறை, தலைக்கு மேல் வெறும் கான்கிரீட், மேற்குப் பக்கம் நிழலே இல்லாத கண்ணாடி ஜன்னல். இந்த வீட்டில் அவுட்டோருக்குப் பந்தல் போட்டு என்ன பயன்? ஏசி இழுக்கும் சூடு அந்தத் தளத்திலிருந்தும் ஜன்னலிலிருந்தும் இறங்குகிறது. மதியம் காய்ந்த தளம் ராத்திரி பத்து மணி வரை அறைக்குள் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். நிழலுக்கென்று கையில் பணம் இருந்தால் முதலில் தளத்துக்கு வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்பு அடித்தாலும் சரி, கூல் ரூஃப் பெயின்ட் அடித்தாலும் சரி. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் மறைக்கிறீர்கள். மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பிஇஇ சொல்கிறபடி ரிமோட்டில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம். அறை குறைவாகச் சூடேறினால்தான் 26-ல் வைத்து ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்க முடியும்.

அப்போ எப்படித்தான் போடுவது?

நர்சரிகளில் விற்கும் பச்சை ஷேட் நெட் போதும், காற்று அதன் வழியாகவே மேலே போய்விடும். ஆள் நிற்கும் உயரத்துக்கு, ஏழடிக்கு, பந்தல் மாதிரி கட்டுங்கள். அவுட்டோருக்கு மட்டும் தொப்பி மாதிரி வைக்காமல் சுற்றியுள்ள தரைக்கும் சேர்த்து நிழல் விழட்டும், ஏனென்றால் காய்ந்த தளத்தை ஒட்டிய சூட்டுக் காற்றைத்தான் மிஷின் இழுக்கிறது. அதே காரணத்துக்காக ஒன்றரை அடி ஸ்டாண்ட் வையுங்கள். மூன்று மணிக்கு மேல் வெயில் சாய்ந்து வரும், மேலே இருக்கும் நெட் அதைத் தடுக்காது. மேற்கே மூன்று நான்கு அடி தள்ளி ஒரு நெட் தொங்கவிடலாம், அது ஃபேனுக்கு எதிரே வரக்கூடாது. ஆடிக் காற்றுக்குத் தாங்குகிற மாதிரி முடிச்சுப் போடுங்கள். பிய்ந்து வந்து ஃபேனில் சுற்றிய நெட்டை நான் அறுத்து எடுத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு அவன் நிழல் போட்ட வீட்டுக்குப் போனேன். எதையும் பிரிக்கும் முன் அவனையே அளக்கச் சொன்னேன். தள்ளி நிழலில் 40, அவுட்டோருக்குப் பின்னால் 46. முன்னால் கட்டியிருந்த பேனரை அவிழ்த்து, மேலே இருந்த ஷீட்டை எடுத்துவிட்டு கால் மணி நேரம் காத்திருந்தோம். பின்னால் 41. அவன் ஒன்றும் பேசவில்லை, இரண்டு எண்களையும் நோட்டில் எழுதிக்கொண்டான். வீட்டுக்கார அம்மா மட்டும் "அப்போ நிழல் கிடையாதா?" என்று கவலைப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு சவுக்குக் கம்பும் ஷேட் நெட்டும் எடுத்துக்கொண்டு போகிறோம்.