மஞ்சள் நட்சத்திரத்தைத் துவைக்காதீர்கள்: யூத இனப்படுகொலைக் காலக் குடும்ப ஆவணங்களைப் பேணும் முறை

நாஜிகளிடமிருந்து தப்பிய குடும்பங்களின் பெட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். யூதர் என்பதைக் குறிக்கும் 'ஜே' என்ற சிவப்பு எழுத்து குத்திய பாஸ்போர்ட், 25 சொல்லுக்கு மேல் எழுத முடியாத செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், வதைமுகாமின் விதிகளைத் தலைப்பில் அச்சிட்ட கடிதத்தாள், ஓரம் நெளிநெளியாக வெட்டிய புகைப்படங்கள், யூதர்கள் உடையில் அணியக் கட்டாயப்படுத்தப்பட்ட துணி நட்சத்திரம், ஒரு தகரக் கரண்டி. அவற்றைக் கொண்டுவந்த தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. பெட்டி இப்போது பேரப்பிள்ளைகள் கையில் இருக்கிறது. அவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் 'சுத்தம்' தான் பெட்டிக்கு வரும் பெரிய ஆபத்து.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தச் சேதம் அன்று நேர்ந்ததா, இன்றும் நடந்துகொண்டிருப்பதா? உறையின் ஓரத்தில் தணிக்கை அலுவலகம் ஒட்டிய பட்டை, ஒளித்து வைப்பதற்காக எட்டாக மடித்த மடிப்பு, நட்சத்திரத்தின் ஓரத்தில் தொங்கும் தையல் நூல் எல்லாம் அன்று நேர்ந்தவை. அவை சாட்சியம், விட்டுவிடுங்கள். துருப்பிடித்த கிளிப், பிற்காலத்தில் யாரோ ஒட்டிய செல்லோடேப், பூஞ்சை, ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறை ஆகியவை இன்றும் தின்றுகொண்டிருப்பவை; அவற்றை நிறுத்துங்கள்.

நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் வரலாற்றாசிரியர் எமானுவேல் ரிங்கெல்பிளமின் குழு ரகசியமாகத் திரட்டிய ஆவணக் காப்பகத்தை இந்த வேலையில் இறங்குகிறவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1942 ஆகஸ்டில் அதன் முதல் பகுதியைப் பத்துத் தகரப் பெட்டிகளில் புதைத்தார்கள். 1946 செப்டம்பரில் தோண்டியபோது உள்ளே தண்ணீர் புகுந்து தாள்கள் ஒட்டி, பூஞ்சை பிடித்து, மை கரைந்திருந்தது. அடுத்த பகுதியை 1943 பிப்ரவரியில் இரண்டு பால் கேன்களில் வைத்துப் புதைத்திருந்தார்கள். 1950 டிசம்பரில் கிடைத்த அது எவ்வளவோ நல்ல நிலையில் இருந்தது. அதே தாள், அதே மை, அதே மண். வித்தியாசம் உள்ளே புகுந்த ஈரத்தில்தான்.

முதல் நாள்: பிரிக்காமல் பாருங்கள்

பெட்டியைத் திறந்ததும் அடுக்கத் தொடங்காதீர்கள். எது எதோடு சேர்ந்து கிடந்தது என்பதே ஒரு தகவல். மேலிருந்து கீழாக ஒவ்வோர் அடுக்கையும் போனில் படமெடுத்து, கட்டுகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். எண்ணை ஆவணத்தில் எழுத வேண்டாம். தனித் தாளில் எழுதி அருகில் வையுங்கள். உறையில் எழுதவும் பென்சில் மட்டுமே.

தாளைத் தொட கையுறை தேவையில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திய கைதான் சிறந்தது. பருத்திக் கையுறையில் விரலுக்கு உணர்ச்சி இருக்காது. நொறுங்கும் ஓரத்தில் நூல் சிக்கிக் கிழித்துவிடும். புகைப்படம், பிலிம், உலோகம் மூன்றுக்கும் நைட்ரைல் கையுறை கட்டாயம், ஏனென்றால் விரல் வியர்வை அங்கே நிரந்தரக் கறையாகும்.

பழைய நிலவறை வாடை அடித்தாலோ பஞ்சு போன்ற படலம் தெரிந்தாலோ பூஞ்சை என்று கொள்ளுங்கள். என்-95 முகக்கவசம் போட்டு, அந்தக் கட்டை மட்டும் வேறு அறைக்கு எடுத்துச் சென்று, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே உள்ள இடத்தில் உலரவிடுங்கள். மின்விசிறி அறைக் காற்றை அசைக்கலாம், தாளின் மேல் நேராக வீசக் கூடாது. படலம் முழுக்க உலர்ந்து தூளாகும் முன் துடைத்தால் தாளுக்குள் தேய்ந்து ஏறிவிடும். வெள்ளத்தில் நனைந்த கட்டு என்றால் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வரலாம். அதற்குள் உலர்த்த முடியாத தாள்களைப் பாலித்தீன் பையில் போட்டு உறையவைத்துவிட்டு, ஆவணப் பாதுகாவலரைத் தேடுங்கள்.

தாளும் மையும்

அந்தக் காலத்து மலிவுத் தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளும், மை ஊறாமலிருக்கச் சேர்த்த படிகாரமும் தாளுக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்குகின்றன. பழுப்பாவதும் நொறுங்குவதும் அதனால்தான். தாள் எவ்வளவு நொறுங்கும் என்று மூலையை மடித்துப் பார்க்காதீர்கள், மூலை கையோடு வந்துவிடும்.

தாளைவிடக் கவலை தருவது எழுத்து. முகாம்களிலிருந்தும் கெட்டோக்களிலிருந்தும் வந்த பல கடிதங்கள் காப்பியிங் பென்சிலில் எழுதப்பட்டவை. கிராஃபைட்டோடு ஊதாச் சாயம் கலந்த பென்சில் அது. காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் போலச் சாம்பல் நிறம். ஒரு சொட்டு நீர் பட்டால் பளிச்சென்ற ஊதாவாகிப் பரவிவிடும். சாம்பல் எழுத்துக்கு நடுவே ஓரிரு ஊதாப் புள்ளிகள் தெரிந்தால் அதுதான். அந்தத் தாளுக்கு ஆவி, ஈரத் துணி, இஸ்திரிப் பெட்டி எதுவும் ஆகாது. சாதாரணச் சாய மையும் நீரில் கரையும். மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்த வகை நீலக்கறுப்பு மை ஈரம் பட்டால் தாளையே அரிக்கத் தொடங்கும். ஆகவே 1930கள், 1940களின் கையெழுத்து எல்லாமே நீருக்கு எதிரி என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

மடித்த கடிதம் தானாக எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு விரித்து, இரண்டு மையொற்றித் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே லேசான பாரம் ஏற்றிச் சில நாள் விடுங்கள். விரிய மறுத்தால் விட்டுவிடுங்கள். தூசுக்கு ஆட்டுமுடித் தூரிகை போதும்: நடுவிலிருந்து வெளியே, ஒரே திசையில். அழிப்பான் வேண்டாம்.

துருப்பிடித்த கிளிப்பை இழுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. துரு தாளோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் கிளிப்பின் வடிவத்திலேயே துளை விழும். செய்ய வேண்டியது இது:

1. தாளை மேசையில் தட்டையாக வைத்து, கிளிப்புக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் பட்டை ஒன்றை மெதுவாகச் செருகுங்கள். மறுபக்கமும் அப்படியே.
2. கிளிப்பின் நீளப் பக்கத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, குட்டைப் பக்கத்தை நகத்தாலோ மொண்ணையான தகட்டாலோ மேலே நெம்பித் திறங்கள்.
3. கிளிப் தளர்ந்த பிறகு அதைத் தூக்கி எடுங்கள், வழுக்கி இழுக்காதீர்கள்.
4. அந்தத் தாள்களை ஒரே மடிப்புத் தாளுக்குள் வைத்து, 'சேர்த்துக் குத்தியிருந்தது' என்று வெளியே எழுதுங்கள்.

ஸ்டேப்ளர் முள்ளுக்கும் இதே முறைதான், ஆனால் பின்புறத்துக் கால்களை முதலில் நிமிர்த்த வேண்டும். செல்லோடேப்பை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். பசை வழிந்து பக்கத்துத் தாளில் ஒட்டினால் நடுவே சிலிக்கோன் பூசிய தாளை வைத்துவிட்டு நிபுணரிடம் விடுங்கள்.

லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கைத் தாளிலிருந்து பிரிக்கப் பெரும்பாலும் வழியில்லை.

கடிதங்களுக்கு அமிலமற்ற, லிக்னின் இல்லாத, அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்புச் சத்து சேர்த்த உறைகள். ஓர் உறையில் 10 முதல் 15 தாள். பென்சில் எழுத்துள்ள தாளைப் பாலியெஸ்டர் உறையில் போடாதீர்கள், அதன் நிலைமின்சாரம் கரித்துகளை உரித்தெடுக்கும். பாஸ்போர்ட், அச்சிட்ட சான்றிதழ் போன்றவற்றுக்குப் பாலியெஸ்டர் பொருந்தும். பி.வி.சி. உறை எதற்கும் கூடாது. புது மழைக்கோட்டு வாடை அடித்தால் அது பி.வி.சி. என்று சந்தேகப்படுங்கள்.

கடிதத்தை அதன் உறையிலிருந்து நிரந்தரமாகப் பிரித்துவிடாதீர்கள். அஞ்சல் முத்திரை, தணிக்கை எண், அனுப்பியவர் விலாசம் மூன்றும் உறையில்தான் இருக்கும். வீட்டில் தபால்தலை சேகரிப்பவர் யாராவது இருந்தால் கூடுதல் காவல் தேவை.

படங்கள், பிலிம்கள்

பழைய ஆல்பத்தைப் பிரித்துப் படங்களை எடுக்காதீர்கள். யாருக்குப் பக்கத்தில் யார் படம், வெள்ளைப் பென்சிலில் என்ன குறிப்பு என்பதெல்லாம் போய்விடும். முழுப் பக்கத்தையும் ஒருமுறை, ஒவ்வொரு படத்தையும் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். தனிப் படங்களுக்குச் சுண்ணாம்பு சேர்க்காத, புகைப்படத்துக்கென்று சோதித்த உறைகளே ஏற்றவை.

நெகட்டிவ் இருந்தால் ஓரத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். 1950களின் தொடக்கம் வரை நைட்ரேட் பிலிம் புழக்கத்தில் இருந்தது. அது எளிதில் தீப்பிடிக்கும், பற்றினால் தண்ணீரிலும் அணையாது. காற்றுப் புகாமல் மூடிவைப்பது ஆபத்தைக் கூட்டும். தாள் உறையில் தனியாக, குளிர்ந்த இடத்தில் வைத்து ஓர் ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். பிசுபிசுப்போ பழுப்புத் தூளோ தெரிந்தால் நீங்களாக ஏதும் செய்யாமல் தீயணைப்புத் துறையிடம் சொல்லுங்கள். வினிகர் வாடை அடித்தால் அது அசிடேட் என்ற வேறு வகைப் பிலிம். தீ அபாயம் குறைவு, ஆனால் அந்த ஆவி பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும், பிரித்து வையுங்கள்.

துணியும் உலோகமும்

நட்சத்திரத்தின் எழுத்தே அது எங்கிருந்து வந்தது என்று சொல்லும். 1941 செப்டம்பர் முதல் ஜெர்மனியில் 'யூடெ', 1942 முதல் பிரான்சில் 'ஜ்விஃப்', நெதர்லாந்தில் 'யோட்'; மூன்றுக்கும் யூதர் என்றே பொருள். ஜெர்மானியர் பிடித்த போலந்தின் மையப் பகுதியில் 1939 டிசம்பரிலிருந்தே வெள்ளைக் கைப்பட்டையில் நீல நட்சத்திரம். துவைத்தால் சாயம் ஓடும். அதைவிட, சட்டையில் தைத்திருந்ததற்குச் சான்றான நூல் துணுக்கு போய்விடும். இஸ்திரி போடாமல், சுண்ணாம்பு சேர்க்காத அமிலமற்ற மென்தாளில் தட்டையாக வையுங்கள்.

கோடுபோட்ட முகாம் சட்டையைக் கொக்கியில் தொங்கவிடாதீர்கள், தோள்பட்டை கிழியும். கைகளுக்குள்ளும் மடிப்புகளிலும் மென்தாளை உருட்டி வைத்துப் பெட்டியில் படுக்கவையுங்கள். எண் பட்டையைப் பிரிக்க வேண்டாம். பூச்சி இருந்தால் அந்துருண்டை தீர்வல்ல. அதன் ஆவி பொருளிலேயே படியும். பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து 24 மணி நேரம் கழிந்த பின்பே பையைத் திறங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த துணியில் நீர்த்துளி கோக்கும். பூச்சிக்கான இந்த வழி துணிக்கு மட்டும்.

கரண்டி, கிண்ணத்துக்கு பாலிஷ் போட்டால் கீறிய பெயரெழுத்தும் தேய்ந்துபோகும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் உலோகத்தைக் கறுக்கவைக்கும். தோல் பொருளுக்கு எண்ணெயும் ஷூ பாலிஷும் கூடாது. ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தில் சுமார் 1,10,000 காலணிகளும் 3,800 பெட்டிகளும் இருக்கின்றன. அங்குள்ள பாதுகாவலர்கள் அவற்றைப் புதிதாக்க முயல்வதில்லை, சிதைவைத்தான் தடுக்கிறார்கள்.

வைக்கும் இடம்: 18 முதல் 20 டிகிரி, ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம், ஏற்ற இறக்கம் குறைவாக. பரண், நிலவறை, குளியலறைச் சுவர் மூன்றும் வேண்டாம். படுக்கையறை அலமாரியின் நடுத் தட்டு நல்லது. சுவரில் மாட்ட ஆசையென்றால் நகலை மாட்டுங்கள்.

ஸ்கேனும் பெயர்களும்

ஆவணத்துக்கு 400 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), புகைப்படத்துக்கு 600. டிஃப் (TIFF) கோப்பு வடிவம், கறுப்பு வெள்ளையானாலும் வண்ணத்தில். தாளை இழுத்துச் செல்லும் ஃபீடர் ஸ்கேனர் வேண்டாம். பின்பக்கம் கட்டாயம்: செஞ்சிலுவைக் கடிதத்துக்குப் பதில் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில்.

ஒரே ஆள் பல பெயரில் வருவார். 1939 ஜனவரி முதல் ஜெர்மானிய யூதர்கள் பெயரோடு 'இஸ்ரேல்' அல்லது 'சாரா' சேர்க்கக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அது குடும்பப் பெயர் அல்ல, அதைக் கொண்டு தேடினால் குழம்புவீர்கள். ஊருக்கும் அப்படித்தான்: லெம்பெர்க், ல்வூவ், ல்விவ் மூன்றும் இன்றைய உக்ரைனில் உள்ள ஒரே ஊர்தான். குறிப்பில் எல்லா வடிவத்தையும் எழுதுங்கள். உயிரோடிருக்கும் மூத்த உறவினர் ஒருவர் இருந்தால், ஸ்கேனை எல்லாம் முடித்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பெயர் கேட்பது முதல் வாரத்து வேலை.

கொடுப்பதானால் வாஷிங்டனின் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம், ஜெருசலேமின் யாத் வஷேம், லண்டனின் வீனர் நூலகம், ஜெர்மன் மொழி பேசிய யூதர்களின் ஆவணங்களுக்கு நியூயார்க்கின் லியோ பெக் நிறுவனம் எல்லாம் குடும்பத் தொகுப்புகளைப் பெறுகின்றன. உடன்பிறந்தோர் ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொள்வதைவிட ஒரே இடத்தில் முழுதாகக் கொடுப்பதே மேல். பிரித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் மொத்தத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். தானப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் நாலு விஷயம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: பதிப்புரிமை யாருக்கு, டிஜிட்டல் பிரதி குடும்பத்துக்கு எப்போது, இணையத்தில் போடுவார்களா, அந்தரங்கக் கடிதங்களை எத்தனை ஆண்டு மூடிவைக்க முடியும். தபாலில் அனுப்பும் முன் அவர்களிடம் பேசுங்கள். எப்படிக் கட்ட வேண்டும், எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள்.