தராசில் தொடங்குங்கள்: கேம்பிங் பையின் எடையைக் குறைக்கும் வழி

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மட்டும் பையை நிரப்ப உட்காராதீர்கள். அந்த நேரத்தில் 'ஒருவேளை தேவைப்பட்டால்?' என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கும், கண்ணில் பட்டதெல்லாம் உள்ளே போகும். இரண்டு மூன்று நாள் முன்பே எல்லாவற்றையும் தரையில் பரப்பி, சமையலறைத் தராசு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பொருளையும் நிறுத்து கிராமில் எழுதுங்கள். கையில் தூக்கிப் பார்த்து 'இது லேசுதானே' என்று நாம் விட்டுவிடும் சாமான்களே கூடிக்கூடி மூன்று கிலோ ஆகிவிடும். எழுதிப் பார்க்கும்வரை இது தெரியாது.

கணக்குப் போடும்போது சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் மூன்றையும் தனியாக வையுங்கள், அவை நாளுக்கு நாள் குறைந்துவிடும். மீதி எல்லாம் சேர்ந்து 9 கிலோவுக்குள் இருந்தால் லேசான பை என்பார்கள், 4.5 கிலோவுக்குள் என்றால் மிக லேசு. முதலில் 9-ஐ எட்டப் பாருங்கள், 4.5-க்கு அனுபவமும் செலவும் அதிகம் வேண்டும்.

பெரிய எடை மூன்றே இடத்தில் இருக்கிறது: கூடாரம், ஸ்லீப்பிங் பேக், முதுகுப் பை. பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியை வெட்டினால் சில கிராம் குறையும், இந்த மூன்றில் ஒன்றை மாற்றினால் ஒரு கிலோவே குறையும். இரண்டு பேர் போகிறீர்களா, கூடாரத் துணி ஒருவரிடம், கம்பிகளும் முளைகளும் இன்னொருவரிடம். அடுப்பும் பாத்திரமும் ஆளுக்கொன்று வேண்டாம், ஒரு செட் போதும். பையைக் கடைசியாக வாங்குங்கள், 70 லிட்டர் பை கையில் இருந்தால் அது நிறையும்வரை நாம் விடமாட்டோம்.

ஒரு இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், அது கீழே விரிக்கும் மேட். ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பகுதி உடம்புக்குக் கீழே நசுங்கி, உள்ளே காற்று இல்லாமல் போவதால், அந்தப் பக்கம் குளிரைத் தடுப்பது மேட் ஒன்றே. 400 கிராம் மிச்சம் என்று ஒரு தடவை மேட்டை விட்டுவிட்டுப் போனேன். மேலே கதகதப்பு, கீழே ஈரத்தரையின் சில்லிப்பு, விடியும்வரை புரண்டுகொண்டே இருந்தேன். மேட் வாங்கும்போது அதன் ஆர் மதிப்பை (R-value) பாருங்கள், எண் கூடினால் குளிர் அதிகம் தாங்கும்.

துணிக்கு என் விதி எளிது: நடக்க ஒரு செட், தூங்க ஒரு செட், கூட ஒரு ஜோடி சாக்ஸ், குளிருக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. தூங்கும் செட் எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டும், நடக்கும் செட் நனைந்தாலும் அதையே மறுநாள் போடுங்கள். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வீட்டிலேயே இருக்கட்டும். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். கம்பளி அல்லது பாலியஸ்டர் நல்லது.

அப்புறம் தண்ணீர். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, அதில் பேரம் கிடையாது. போகிற வழியில் எங்கெங்கே தண்ணீர் கிடைக்கும் என்று வரைபடத்தில் பார்த்து, அந்தப் பருவத்தில் அங்கே நிஜமாகவே ஓடுகிறதா என்று விசாரித்து, அடுத்த ஓடைவரைக்கும் வேண்டியதோடு கொஞ்சம் கூடுதலாக மட்டும் சுமந்தால் போதும். தண்ணீரைச் சுத்தப்படுத்த ஃபில்டரோ மாத்திரையோ அவசியம். கனமான ஸ்டீல் பாட்டிலுக்குப் பதில் சாதாரண பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று எடுத்தாலே சில நூறு கிராம் குறையும். சாப்பாடு உலர்ந்ததாக இருந்தால் ஒரு நாளைக்கு 600 முதல் 800 கிராம் என்று வையுங்கள். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தில் 4, அதனால் கொட்டை வகைகள் சுமப்பதற்கு லாபம். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து வீட்டிலேயே போட்டுவிடுங்கள்.

1955-இல் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி, 67 வயதில், 3,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். தோளில் அவரே தைத்த ஒரு துணிப்பை, போர்த்த ஒரு கம்பளி, மழைக்குக் குளியலறைத் திரை ஒன்று, கூடாரமே இல்லை. அவரை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. முதலுதவிப் பொருள்கள், ஹெட்லேம்ப், லைட்டர், விசில், வரைபடம், மழைக்கோட்டு ஆகியவற்றை எடை பார்த்துக் குறைக்கவே கூடாது. ஆனால் மூன்றாவது பேன்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

அடுக்கும்போது பைக்குள் முதலில் ஒரு பெரிய குப்பைப் பையை விரியுங்கள், மேலுறையைவிட அது மழையை நன்றாகத் தடுக்கும். அடியில் ஸ்லீப்பிங் பேக், நடுவில் முதுகை ஒட்டிக் கனமானவை, மேலே மழைக்கோட்டு. மாட்டியதும் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கி, அதற்கப்புறம் பையின் தோள் பட்டைகளைச் சரி செய்யுங்கள்.

திரும்பி வந்ததும் பையைத் தரையில் கொட்டி, தினமும் எடுத்தது, ஒரு தடவை எடுத்தது, தொடவே தொடாதது என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். மூன்றாவது குவியலில் இருந்து முதலுதவிப் பொருள்கள், விசில், மழைக்கோட்டு என்று குறைக்கவே கூடாது என்று சொன்னவற்றை மட்டும் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை எடை எழுதிய நோட்டில் அடித்துவிடுங்கள்.