ஹெட்டைக் கழற்றும் முன் டைமிங்கை நிலைநிறுத்துதல்: மெர்சிடிஸ் 240டி எஞ்சின்

மெர்சிடிஸ் 123 வரிசையின் 240டி காரில் இருப்பது ஓஎம்616 என்னும் நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர் டீசல் எஞ்சின். பஜாஜ் டெம்போ நிறுவனம் உரிமம் பெற்று இதே குடும்பத்து எஞ்சினைத் தயாரித்ததால், பென்ஸ் காரைத் தொட்டிராத நம் ஊர் மெக்கானிக்குகள் பலருக்கும் டிராக்ஸ் வண்டி வழியாக இது பழக்கமானதே. கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை (சிலிண்டர்களை மூடியிருக்கும் மேல்பகுதியை) இறக்க வேண்டும் என்று முடிவானதும் நேரே ஹெட் போல்ட்டில் கை வைப்பவர்கள் உண்டு. அதற்கு முன் டைமிங்கை, அதாவது பிஸ்டனும் வால்வும் ஒன்றுக்கொன்று ஒத்து நகரும் ஒழுங்கை, ஒரு நிலையில் நிறுத்திக் குறித்துக்கொள்வதற்கு அரை மணி நேரம் கூட ஆகாது; அதைத் தவிர்த்தால் மீண்டும் பூட்டும்போது வால்வு எங்கே, பிஸ்டன் எங்கே என்று தேடுவதில் ஒரு நாள் போய்விடும்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, வால்வு கவரை எடுத்துவிடவும். இந்த எஞ்சினின் அழுத்த விகிதம் 21:1 என்பதால், நான்கு குளோ பிளக்குகளையும் (ஸ்டார்ட் ஆக உதவும் சூடேற்றிகளையும்) கழற்றாமல் கையால் சுற்றினால் ஒவ்வொரு அழுத்தத்திலும் எஞ்சின் முரண்டு பிடிக்கும், குறியில் நிறுத்த நினைத்த இடத்தைத் தாண்டித் துள்ளிவிடும். பிளக்குகளை எடுத்துவிட்டால், பிஸ்டன்களோடு இணைந்த தண்டான கிராங்க் மெதுவாகவும் சீராகவும் நகரும்.

சுற்றுவதற்கு கிராங்க் புல்லியின் நடுப் போல்ட்டில் 27 மி.மீ. சாக்கெட்டைப் பொருத்தி, முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரத் திசையில் மட்டுமே திருப்ப வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் முனையிலுள்ள பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் போல்ட் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்பதற்காக அதைப் பிடித்து எஞ்சினைச் சுற்றவே கூடாது. குறியைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பாமல், மேலும் இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடியும் குறிக்கு வரவும். பின்னோக்கித் திருப்பினால் கிராங்க்கையும் கேமையும் இணைக்கும் செயினின் தொய்வு தவறான பக்கத்துக்குப் போய், குறி பொருந்தியதுபோல் ஒரு பொய்த் தோற்றம் கிடைக்கும்.

புல்லியின் சுழிக்குறி (0 குறி) முள்ளுக்கு நேராக வரும்போது முதல் பிஸ்டன் டி.டி.சி.யில், அதாவது தன் உச்ச நிலையில், இருக்கிறது. கேம் ஒரு சுற்று முடிப்பதற்குள் கிராங்க் இரண்டு சுற்று முடித்துவிடுவதால் இந்தக் குறி இரண்டு முறை வரும்; நமக்கு வேண்டியது அழுத்தத்தின் முடிவில் வருவது. ரேடியேட்டர் பக்கம் இருக்கும் முதல் சிலிண்டரின் இரு கேம் மேடுகளும் மேல்நோக்கி விலகி நிற்க, அதன் இரு ராக்கர்களும் (கேமின் அழுத்தத்தை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோல்கள்) விரலால் அசைத்தால் லேசாக ஆடினால் அதுவே சரியான நிலை. எரியூட்டு வரிசை 1-3-4-2 என்பதால் அந்நேரம் நான்காம் சிலிண்டரின் இரு வால்வுகளும் சற்றே திறந்திருக்கும். முதல் சிலிண்டர் வால்வுகள் இறுக்கமாக இருந்தால், இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கேம். ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் உள்ள வாஷரில் ஒரு வெட்டுக்குறியும், முன் பேரிங் தாங்கியில் இன்னொரு குறியும் இருக்கும். இரண்டும் நேராக நிற்க வேண்டும். தலையைச் சாய்த்துப் பார்த்தால் ஏமாற்றும் என்பதால் நேர் எதிரே கண்ணை வைத்துப் பார்க்கவும். கேம் குறி பொருந்தும்போது புல்லி சுழியைத் தாண்டி ஐந்தாறு டிகிரி காட்டுகிறது என்றால், நீண்ட நாள் ஓட்டத்தில் செயின் நீண்டு கேம் பின்தங்கியிருக்கிறது என்று பொருள். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹெட் இறங்கியிருக்கும் வேளையே செயினை மாற்றவோ கேமின் நிலையைச் சற்றே நகர்த்தும் ஆஃப்செட் கீ போடவோ முடிவெடுக்க ஏற்ற வேளை. துல்லியமாக அறிய வேண்டுமானால் வால்வு 2 மி.மீ. தூக்கும் இடத்தில் டயல் கேஜ் வைத்து அளக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதற்குரிய அளவை சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும்.

நிலை உறுதியானதும், ஸ்பிராக்கெட்டின் ஒரு பல்லையும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் செயின் கண்ணியையும் எண்ணெய் துடைத்துவிட்டுப் பெயிண்ட் வைத்துக் குறிக்கவும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குறி வைத்தால் நல்லது. பெயிண்ட் குறி மட்டும் போதும், டி.டி.சி. எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. எண்ணெயில் ஊறி அந்தக் குறி அழிந்துபோனால் திரும்பிப் போக ஒரு தொடக்க இடம் வேண்டுமே.

இப்போது எஞ்சினின் முன் வலப்பக்கத்தில், தெர்மோஸ்டாட் உறையை அடுத்துள்ள, செயினை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரை முதலில் கழற்ற வேண்டும். டென்ஷனர் இருக்கும்போதே ஸ்பிராக்கெட்டை இழுத்தால் அதன் பிளஞ்சர் (செயினை அழுத்தும் தண்டு) வெளியே நீண்டு செயினை முறுக்கிக்கொள்ளும். டென்ஷனர் போன நிமிடத்திலிருந்து கிராங்க்கை யாரும் தொடக்கூடாது. ராக்கர் தாங்கிகளைச் சிறிது சிறிதாக, எல்லாப் போல்ட்டையும் மாற்றி மாற்றித் தளர்த்தி எடுத்தபின், ஒரு பஞ்ச்சை ஸ்பிராக்கெட் துளையில் செருகி அது சுழலாமல் பிடித்து நடுப் போல்ட்டைக் கழற்றவும். ஸ்பிராக்கெட்டை உருவும் முன்பே செயினைக் கம்பியால் மேலே கட்டிவிட வேண்டும். இதே செயின்தான் டீசலைச் செலுத்தும் இன்ஜெக்ஷன் பம்பையும் ஓட்டுகிறது. அது உள்ளே விழுந்து ஒரு பல் தாவினால் வால்வு டைமிங்கோடு பம்ப் டைமிங்கும் சேர்ந்து போய்விடும். பிஸ்டன் தலைகளைச் சுத்தம் செய்ய கிராங்க்கைச் சுற்றியே தீர வேண்டுமென்றால், இன்னொருவர் செயினை மேல்நோக்கி இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும்.

செயின் வழிகாட்டியைத் தாங்கும் ஊசிகள் ஹெட்டின் முன்புறம் அடிக்கப்பட்டிருக்கும். அவற்றின் நடுவில் உள்ள எம்6 மரையில் நீண்ட போல்ட்டை முறுக்கி, ஒரு குழாய்த் துண்டும் வாஷரும் நட்டும் வைத்து இறுக்கினால் வெளியே வந்துவிடும். ஹெட் போல்ட்டுகளை இறுக்கும் வரிசைக்கு நேர் எதிராகத் தளர்த்தவும். எல்லாம் கழற்றியும் ஹெட்டின் முன்பக்கம் மட்டும் அசையாவிட்டால் நெம்பாதீர்கள். செயின் இறங்கும் பள்ளத்துக்குள் எண்ணெயில் மறைந்திருக்கும் எம்8 போல்ட்டுகளைப் பெரும்பாலோர் மறந்துவிடுவார்கள்.

திரும்பப் பூட்டும்போது குறிகளைப் பொருத்தி, டென்ஷனரை எண்ணெய் நிரப்பிக் காற்றை வெளியேற்றிய பின் மாட்டி, கையால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி சுழிக்கு வரவும். வழியில் கெட்டியாக எதுவும் தடுத்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். அது பிஸ்டன் வால்வைத் தொடுவதாக இருக்கலாம். குறிகள் பொருந்தினால், குளிர்ந்த நிலையில் காற்றை உள்ளே விடும் உள்வால்வுக்கு 0.10 மி.மீ., புகையை வெளியேற்றும் வெளிவால்வுக்கு 0.30 மி.மீ. இடைவெளி வைக்கவும். செயின் எப்போதாவது தொய்ந்ததாகச் சந்தேகம் இருந்தால் மட்டும், முதல் சிலிண்டருக்குப் பம்ப் டீசலைத் தள்ளத் தொடங்குவது டி.டி.சி.க்கு 24 டிகிரி முன்பாக அமைகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யவும்.