லக்னோ சிக்கன்காரி: கைவேலையா, மெஷினா?
சிக்கன்காரி என்ற லக்னோ பூத்தையல் போட்ட குர்தாவை முதலில் உட்புறம் திருப்புங்கள். முன்பக்கம் யாரையும் ஏமாற்றிவிடும். கைவேலையில் சின்ன முடிச்சுகளும், ஒரு பூவிலிருந்து அடுத்ததற்குத் தாவும் நூலும் தெரியும். இரண்டு பூ அச்சுப்போல ஒன்றாக இருக்காது. மெஷின் என்றால் அடியில் பாபின் நூல் (மெஷினின் கீழ்நூல்) தனியாக ஓடும், சில சமயம் தைக்கும்போது அடியில் வைத்துக் கிழித்தெடுத்த பேப்பரின் மிச்சமும் ஒட்டியிருக்கும்.

அடுத்து விரலால் தடவுங்கள். 'முர்ரி' முடிச்சு அரிசிமணி போலவும் 'ஃபந்தா' தினை போலவும் புடைத்து நிற்கும். மெஷின் தையல் பெரும்பாலும் தட்டை.

ஜாலி, அதாவது வலைபோன்ற துளை வேலைதான் நல்ல சோதனை. கையால் செய்யும்போது இழைகளை ஊசியால் விலக்கி இறுக்குவார்கள், அறுப்பதில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: துளையோரம் வெட்டுப்பட்டுப் பிசிறடித்தால் மெஷின். தைக்கும் முன் துணியில் பதிக்கும் அச்சின் நீலக் கோடு மிச்சமிருப்பதை மட்டும் வைத்துக் கைவேலை என்று நம்ப வேண்டாம். அதையும் வேண்டுமென்றே போடலாம்.